பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டி

சேசு மரி சூசை துணை

இண்டூர்
19-8-1974

மரியாதைக்குரிய சம்பந்தி இன்னாசிமுத்து அவர்கள் சமுகத்துக்கு, உபதேசியார் சவுரியப்பன் தோத்திரம் கூறி வரைவது.

சர்வேசுரனுடைய இரக்கத்தால் இங்கு யாவரும் சுகம். தங்கள் மகள் அருளாயிக்கு மசக்கை நீங்கி ஐந்து மாதம் நிறைந்துவிட்டது. மாங்காய் கேட்கிறாள்; பருவம் போய்விட்டதே என்றால் சிரிக்கிறாள். அசாம் எல்லைப் பட்டாளத்திலிருந்து மகன் சூசைராசு எழுதியிருக்கிறான், அவனும் நலமே. பெங்களூர்க் குளிரில் தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாளுக்கு இருமல் விட்டதா?

எழுத வேண்டிய காரியம் ஒன்று உண்டு. திருமணத்தின்போது பெண்ணோடு வந்த கட்டிலையும் பீரோவையும் தவிர, என் கிதாருக்கென்றே தாங்கள் கைப்படச் செய்து தந்த கால்மிதிப் பெட்டியைப் பற்றியது. அறுபதை எட்டிய உபதேசியார் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிதார் வாசிப்பதைக் கண்டு ஊர் நகைத்தது. பூசைப் பாட்டு லத்தீனிலிருந்து தமிழான நாளில் கோயிலில் நான் வாசித்த பெரிய பிடிலை மூலையில் சாத்தினார்கள்; அதன் நான்கு தந்திகளுக்கும் இதன் நான்கு தந்திகளுக்கும் ஒரே சுருதி என்பதை நகைத்தவர்கள் அறியார். நகையாமல், தங்கள் ரேடியோ கடையில் உட்கார்ந்து எனக்கு மிதி செய்தவர் தாங்கள் ஒருவரே. அந்த நன்றி குறையாது.

ஆனால் மிதிகள் குறைய வேண்டியிருக்கின்றன. ஒலியைக் கரகரப்பாக்குவது ஒன்று, வாய் திறந்து மூடுவதுபோல் 'வாவா' என்னச் செய்வது ஒன்று, எதிரொலி எழுப்புவது ஒன்று, ஒலியைத் தூக்கிக் கொடுப்பது ஒன்று. நான்கும் அடங்கிய தேக்குப் பெட்டி, கறுப்பு வார்னிஷும் இருபுறம் பித்தளைக் கைப்பிடியுமாக, இரண்டு ஆள் சுமையாக இருக்கிறது. சுதந்திர தினக் கச்சேரிக்கு அரூர் போகும்போது தருமபுரி நிலையத்தில் நடத்துநரோடு ஒரு சங்கடம் நேர்ந்தது. அதை விரித்து எழுத விருப்பமில்லை. குழுத் தலைவர் நூர் பாஷா சொன்னார்: "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. டிரம் செட்டு ஏறுது, ஆர்மோனியம் ஏறுது, உங்க பொட்டி மட்டும் பஸ்ல ஏற மாட்டேங்குதுங்க."

பழங்காலத்துப் பாணர்கள் யாழையும் பசியையும் தவிர வேறு சுமை இல்லாமல் ஊர் ஊராக நடந்தார்கள். நானும் ஒரு மிதியோடு நிற்க எண்ணுகிறேன். தங்கள் கருத்தை அறிய வேண்டும்.

இல்லத்தார் எல்லாருக்கும் எங்கள் அன்பு சேர்க.

சவுரியப்பன்

•

பெங்களூர்
28-8-1974

சம்பந்தி அவர்களுக்கு இன்னாசிமுத்து எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். முழங்கால் மட்டும் என்னை விட மூத்ததாக நடந்துகொள்கிறது. அருளாயிக்கு மாங்காய் கிடைக்காவிட்டால் நெல்லிக்காய் கொடுக்கச் சொல்கிறாள் அவள் அம்மா.

கருத்துக் கேட்டீர்கள். குறைக்க வேண்டுமானால் பாடகரில் ஒருவரைக் குறையுங்கள். அரூரில் இரண்டு பாடகர்கள் ஒரே பாட்டை மாறி மாறிக் கெடுத்ததாக என் மகளே கேள்விப்பட்டு எழுதியிருக்கிறாள்.

கரகரப்பு மிதிக்கு எட்டுப் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பொருத்தமான இரண்டு டிரான்சிஸ்டர் தேடினேன். வாவா மிதியின் அடிப்பலகை, என் தாயார் மிதித்த தையல் எந்திரத்தினுடையது. எதிரொலி என் சொந்த டேப் ரிக்கார்டரின் வயிற்றிலிருந்து வந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் டேப் கேட்டவர் இல்லை. போன வாரம் ஒரு ஹோட்டல் வாத்தியக்காரன் வந்தான். "இதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும் சார்" என்றான். "சம்பந்திக்குச் செஞ்சதுப்பா, சந்தைக்குச் செய்யல" என்று திருப்பி அனுப்பினேன்.

பாணர்கள் பேருந்தில் போகவில்லை சம்பந்தி. போயிருந்தால் அவர்களும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். என்ன சங்கடம் என்று எழுதினால், கைப்பிடியை மாற்றியோ சக்கரம் வைத்தோ சரி செய்து தருவேன். எழுதாமல் பூட்டி வைத்தால் எந்தச் சாவியைப் போட்டுத் திறப்பது?

செப்டம்பர் கடைசியில் அருளாயியை அழைத்துவர நானும் அவள் அம்மாவும் வருகிறோம். ஏழாம் மாதம் தாய்வீட்டில் தொடங்கட்டும்.

தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னாசிமுத்து

•

சேசு மரி சூசை துணை

இண்டூர்
6-10-1974

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். அருளாயியைத் தாங்கள் அழைத்துச் சென்றபின் வீடு ஓசையற்றுக் கிடக்கிறது. அவளுக்குக் கால் வீக்கம் இருந்தது. வற்றியதா என எழுதக் கோருகிறேன். நான் சுகம்.

தாங்கள் இங்கு வந்திருந்தபோது பெட்டியைப் பார்க்கக் கேட்டீர்கள். நூர் பாஷா கடையில் இருக்கிறது என்றேன். அது உண்மையன்று. அந்தப் பெட்டி இப்போது இல்லை. ஏன் என்று கேட்க வேண்டாம்.

ஒரு மிதியோடு பாலக்கோட்டில் வாசித்துப் பார்த்தேன். ஒலியைத் தூக்கிக் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஊர்ப்புறத்து மின்சாரம் மாலையில் சோர்ந்துவிடுவதால் அது இன்றியமையாதது. மற்ற மூன்றும் இல்லாமல் கை தானே பேசிற்று. கரகரப்பு மிதியை அழுத்தும்போது பாஸ் ஒலி மேளத்தின் மேல் ஏறி நிற்கும். மிதி இல்லாதபோது மேளத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கட்டடத்துக்கு அடித்தளம் இருக்க வேண்டிய இடமும் அதுவே. டிரம் வாசிக்கும் மாது திரும்பிப் பார்த்து, "இன்னிக்குத்தான் தாத்தா நீங்க வந்திருக்கீங்க, இத்தினி நாளா உங்க பொட்டிதான் வந்துக்கினு இருந்துச்சு" என்றான். மேடையில் அவனைத் தவிர எவரும் என்னைத் தாத்தா என்பதில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆகவே மூன்று மிதிகளையும் வைக்கோலில் பொதிந்து பேருந்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே மூலையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியவை அல்ல அவை. அந்த ஹோட்டல் வாத்தியக்காரருக்குப் பயன்படட்டும். கலைஞன் செய்த கருவி வாசிப்பவன் காலடியில் இருப்பதே அதற்குச் சிறப்பு.

தேவமாதா அருளாயியைத் தன் நிழலில் வைத்துக் காப்பாளாக.

சவுரியப்பன்

•

இண்டூர்
8-10-1974

அன்பு மகன் சூசைராசுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சுகம், உன் சுகம் அறிய ஆவல். அங்கே மழை நின்றதா? போர்வை வந்து சேர்ந்ததா?

உன் மாமனாருக்கு எழுத இயலாததை உனக்கு எழுதுகிறேன். உன்னோடு இருக்கட்டும்.

சுதந்திர தினத்தன்று அவர் தந்த பெட்டியை நானும் மாதுவும் ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு அரூர்ப் பேருந்துக்குப் போனோம். அன்று தேவமாதா திருநாளும் ஆனதால் பூசை முடிந்து அதே கறுப்புக் கோட்டோடு போயிருந்தேன். எங்களைக் கண்டதும் நடத்துநர் சீட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எந்த ஊருக்குங்க எடுத்துக்கினு போறீங்க பெரியவரே? மேல போட வேணாங்க. பாவம், சின்ன உசுரு. பின்னால சீட்டுக்கு நடுவுல வச்சிக்கோங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டிக்குள் பேச்சு அடங்கிப்போயிற்று. முன் வரிசையில் கூடையோடு இருந்த ஓர் அம்மாள் எழுந்து எனக்கு இடம் விட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேரப்புள்ளைங்களா?" என்று கேட்டாள்.

மகனே, அதே வேளையில் உன் மனைவி இந்த வீட்டில் ஐந்தாம் மாதத்தில் உட்கார்ந்து நான் திரும்பி வந்தால் சாப்பிட என்று கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நூர் பாஷாதான், "அடக் கடவுளே, இது பாட்டு வாசிக்கிற பொட்டிம்மா!" என்று திறந்து காட்டினார். வண்டி முழுவதும் சிரித்தது. மாது அரூர் வரைக்கும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை.

சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் போதிக்கிறவன் நான். பூனை குறுக்கே போனதற்காக வீடு திரும்பியவனைக் கோயிலில் எழுப்பி நிறுத்திக் கண்டித்தவன். அந்த நான், மறுநாள் உன் மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியை உடைத்து அடுப்பெரித்தேன். கைப்பிடிகளைக் கிணற்றில் போட்டேன். தேக்கு எரிய வெகு நேரம் பிடித்தது. எரித்ததைச் சொல்லாமலே மூன்றாம் நாள் உன் மாமனாருக்குக் கருத்துக் கேட்டு எழுதினேன்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு இந்தச் சொல்லை எப்படி எழுதுவேன்? அவர் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படிக்கிற பழக்கம் உள்ளவர். அருளாயிக்குப் பிரசவம் ஆகட்டும். பிறகு எல்லாவற்றையும் எழுதி, வேண்டுமானால் அவர் சிரிக்கவும் இடம் கொடுப்பேன்.

ஜெபமாலையை மறவாதே.

உன் அப்பா

•

பெங்களூர்
17-10-1974

உபதேசியார் அவர்களுக்கு.

பார்சல் வந்தது. வைக்கோல் நன்றாகவே சுற்றியிருந்தது. எதுவும் உடையவில்லை, மிதிகளில்.

நம் இருவர் பக்கத்திலும் வழக்கம் ஒன்றே. பெண் வீட்டிலிருந்து போன சீர், ஒரு சொம்பாக இருந்தாலும் திரும்பி வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான். பெண் என் வாசலில் இறங்கிய மறுவாரமே சீர் பின்னால் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு வெங்கடாசலம் பார்சல்காரனுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். "மக வூட்டுல இருந்து என்னமோ திரும்பி வந்திருக்கு போலிருக்கே?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். என்ன சொல்வேன்? மூன்று மாதம் இழைத்த பெட்டி எங்கே என்று நான் கேட்டபோது, உபதேசியார் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார் என்று சொல்லவா?

என் மகளை உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நினைத்தால் நேராக எழுதியிருக்கலாம். மிதிகளை விட்டுச் சொல்லச் சொன்னீர்கள்.

பெட்டியை என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று எழுதாதவரையில் இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் வராது. என் மகளும் வரமாட்டாள்.

அவளுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. கேட்டதால் சொல்கிறேன்.

இன்னாசிமுத்து

•

சேசு மரி சூசை துணை

இண்டூர்
25-10-1974

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். தங்கள் எல்லாருடைய நலனுக்காகவும் மன்றாடுகிறேன்.

நான் திருப்பி அனுப்பியது சீரை அன்று. ஒரு கைவினைஞர் ஒரு வாசிப்பவனுக்குத் தந்த கருவியை. இரண்டையும் ஒன்றாக எண்ண என் புத்தியில் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்றால், அந்தக் குற்றத்தை ஏற்கிறேன். பெட்டி எங்கே என்று கேட்டபோது உண்மை சொல்லாத குற்றத்தை அதற்கும் முன்பாக ஏற்கிறேன்; சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஏற்கெனவே ஏற்றுமிருக்கிறேன்.

ஆனால் பெட்டியை என்ன செய்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. அது இப்போது எழுதத்தகாத காரணம். அருளாயிக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த நாளிலேயே, மை காய்வதற்குள் எழுதி அனுப்புவேன். அதற்கு முன் எத்தனை கடிதம் எழுதிக் கேட்டாலும், கடிதமே எழுதாமல் கேட்டாலும், சொல்லமாட்டேன். அறுபது வயதுக்கு மேல் என்னை மிரட்டிப் பேசவைத்தவர் எவருமில்லை. ஆயரிடமே நான் ஒருமுறை மௌனமாக நின்றவன்.

மிதிகளையும் திரும்பப் பெறமாட்டேன். ஒன்று போதும் என்று கண்டுகொண்டவன் நான்குக்குத் திரும்பினால் அது பொய். நூர் பாஷா இப்போது என்னை மேடையின் பின்னாலிருந்து பாடகருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார். "உங்க பாஸு இப்பதாங்க என் காதுக்கே வருது" என்கிறார். தாங்கள் கேட்டிருந்தால் தாங்களே மற்ற மூன்றையும் கழற்றியிருப்பீர்கள்.

அருளாயி இந்த வீட்டு மருமகள். அவளை வேண்டாம் என்று எழுதும் கை எனக்கு முளைக்கவில்லை.

சவுரியப்பன்

•

சேசு மரி சூசை துணை

இண்டூர்
22-12-1974

சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் மருமகளுக்கும் சேசு பாலன் பிறப்பின் சமாதானம் உண்டாவதாக.

என் சென்ற கடிதத்துக்கு மறுமொழி இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. தங்களுக்கு எத்தனை பிடிவாதம் உண்டோ அத்தனை எனக்கும் உண்டு. இதில் மட்டும் நம் வீடுகள் பொருத்தம் பார்த்தே சேர்ந்தவை.

ஆயினும் மருத்துவர் குறித்த நாள் கடந்திருக்கும் என்று கணக்கிடுகிறேன். தபால்காரர் கோவிந்தன் இப்போது என் வாசலில் மிதிவண்டியை நிறுத்துவதில்லை. கையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார். 'இல்லை' என்று வாயால் சொல்ல அவருக்கு மனமில்லை.

ஒரு வரி போதும். தாயும் பிள்ளையும் நலம் என்று ஒரு வரி. அட்டையில் எழுதினாலும் சரி, யாரை விட்டு எழுதினாலும் சரி. அந்த வரி வந்தால் தாங்கள் கேட்டதை எழுதுவேன் என்று சொன்னேன்; சொன்ன சொல் அப்படியே நிற்கிறது.

சவுரியப்பன்

•

அசாம்
2-1-1975

அன்புள்ள அப்பாவுக்கு மகன் சூசைராசு பணிவோடு எழுதுவது. நான் நலம். உங்களுக்கும் ஊரார் எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. குளிரில் விரல் விறைக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பேத்தி யார் சாயல்? டிசம்பர் பத்தாம் தேதி பெண் பிறந்திருக்கிறாள், இருவரும் நலம் என்று தந்தி வந்தது. நீங்கள் இதற்குள் பெங்களூர் போய்ப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பெயர் கொண்ட சவேரியார் திருநாளுக்கு அடுத்த வாரம் பிறந்தவள் ஆயிற்றே, உங்களைப்போலவே இருப்பாள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மூக்கு மட்டும் வேண்டாம்.

பெயர் நீங்களே வையுங்கள். எனக்கு ஏப்ரலில்தான் விடுப்பு. அருளாயிக்கும் தனியாக எழுதுகிறேன். நீங்கள் எழுதியிருந்த பேருந்துக் கதையை இனி அவளிடம் சொல்லலாம் அல்லவா? சொல்லப்போகிறேன். அவள் சிரிப்பதை நான் இங்கிருந்தே கேட்க வேண்டும்.

உங்கள் மகன்

•

இண்டூர்
12-1-1975

இன்னாசிமுத்து அவர்களுக்கு.

என் பேத்தி பிறந்து ஒரு மாதம் கழித்து, அந்தச் செய்தி பெங்களூரிலிருந்து அசாம் எல்லை வரை போய், அங்கிருந்து எனக்கு வந்தது. இண்டூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஒரு பகல் பயணம்கூட இல்லை.

செய்தி வந்தால் காரணம் எழுதுவேன் என்றேன். செய்தி தங்களிடமிருந்து வரவில்லை. ஆகவே காரணமும் தங்களுக்கு வராது. தாங்கள் என் கடிதத்தைப் பணயமாகக் கேட்டீர்கள். நானோ ஒரு பச்சைப்பிள்ளையின் சுகத்தைக் கேட்டேன். எது பெரிது என்று தாங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்பேன். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர்ப் பாத்திரம் ஏந்தி நிற்கிற உபதேசியாரின் பேத்தி, ஒரு மாதமாகத் தலையில் தண்ணீர் படாமல் கிடக்கிறாளா?

இதற்கும் பதில் வராதென்றால் நானே வருவேன். கிதாரையும் எடுத்து வருவேன். தங்கள் கடை வாசலில் உட்கார்ந்து, தெரு முழுவதும் வெங்கடாசலம் உட்பட வந்து கேட்கும்வரை வாசிப்பேன். ஒரே மிதியோடு.

சவுரியப்பன்

•

பெங்களூர்
20-1-1975

அன்புள்ள மாமாவுக்கு மருமகள் அருளாயி பணிவோடு எழுதுவது. நானும் உங்கள் பேத்தியும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ராத்திரி கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மறுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதிய கடிதங்களை அப்பா எனக்குக் காட்டவில்லை. நான் எழுதித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்ததையும் போடவில்லை. உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை மட்டும் கூடத்தில் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் ரேடியோவைக் கழற்றினார். சாதாரணமாகக் கழற்றினதை மாட்டுவார். அன்று மாட்டவில்லை.

மூன்று நாள் கழித்து உங்கள் மகன் கடிதம் வந்தது. பேருந்துக் கதை முழுவதும் எழுதியிருந்தார். மாமா, நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை பால் குடிப்பதை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். அப்புறம் அழுதேன். இந்த ஒரு சொல்லுக்காகவா இரண்டு வீட்டுப் பெரியவர்கள் மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்? இதோ நானே எழுதுகிறேன். சவப்பெட்டி. சவப்பெட்டி. சவப்பெட்டி. பிள்ளை மடியில்தான் இருக்கிறாள். கொட்டாவி விடுகிறாள்.

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். "கறுப்பு வார்னிஷ் வேணாம்னு உங்கம்மா அன்னைக்கே சொன்னா" என்றார். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "கைப்பிடியக் கெணத்துல போட்டாராமே, அது நல்ல பித்தளை" என்றார். "மாமாவுக்கு எழுதுங்க" என்றேன். "அவரு எழுதட்டும்" என்கிறார். நீங்களும் அதையே சொல்வீர்கள்.

அதனால் உங்கள் இருவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். நான் சீர் இல்லை, மாமா. கட்டிலோடும் பீரோவோடும் மிதியோடும் வந்தேன்; ஆனால் அந்தச் சாமான் கணக்கில் நான் இல்லை. மிதி திரும்பினால் நான் திரும்பியதாக அர்த்தம் என்று அப்பா சொல்கிறார். மிதியைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். மிதி எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும். என் வீடு எது என்று எனக்குத் தெரியும்.

அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வரிசையோடு வர வேண்டும் என்பது முறை. உங்களுக்கு அழைப்பு வராது, வராமல் நீங்கள் வந்தால் வாசலில் சண்டை. ஆகையால் முறையை நானே முறிக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி காலை வண்டியில் பிள்ளையோடு வருகிறேன். அம்மாவும் கூட வருகிறாள். அப்பாவிடம் சொல்லியாயிற்று. "யாரக் கேட்டு?" என்றார். "யாரையும் கேக்கலங்க அப்பா, சொல்றேன்" என்றேன்.

ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. இங்கே சாமியார் கேட்டார். நான்தான் கொடுக்கவிடவில்லை. பாத்திரம் ஏந்த வேண்டியவர் இண்டூரில் இருக்கிறார் என்று சொன்னேன்.

வெந்நீருக்கு விறகு எடுத்து வையுங்கள்.

மருமகள்
அருளாயி

•

சேசு மரி சூசை துணை

இண்டூர்
27-1-1975

சம்பந்தி இன்னாசிமுத்து அவர்களுக்கு, தங்கள் பேத்தியின் தாத்தாக்களில் ஒருவன் எழுதுவது.

தங்கள் மகளும் பேத்தியும் சம்பந்தியம்மாளும் சனிக்கிழமை சுகமாக வந்து சேர்ந்தார்கள். தருமபுரி நிலையத்தில் நானும் நூர் பாஷாவும் காத்திருந்தோம். முறை தவறலாகாது என்று அவர் தம் கடையிலிருந்து தட்டும் பழமும் எடுத்து வந்திருந்தார். மாது, யாரும் சொல்லாமலே, மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். வண்டியிலிருந்து அருளாயி இறங்கியபோது அவன் அடித்த அடியில் நிலையத்து நாய்கள் எல்லாம் ஓடிவிட்டன. குழந்தை மட்டும் விழிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரிசை இன்றி அழைத்துப் போனார்கள் என்று தங்கள் தெருவில் எவரும் சொல்ல இயலாது. வெங்கடாசலத்திடம் இதைத் தாங்கள் உரக்கப் படித்துக் காட்டலாம்.

மூக்கு தங்களுடையது. அதை முதலில் கண்டவன் நானே; மறைக்க முயன்றேன், சம்பந்தியம்மாள் விடவில்லை.

தங்களுக்கு நான் வரைய வேண்டிய காரணத்தை, என் மருமகள் தன் கையால் மும்முறை எழுதிவிட்டாள். நான் அஞ்சிய சொல்லை அவள் அஞ்சவில்லை. சகுனத்துக்கு எதிராக நாற்பது ஆண்டு பிரசங்கித்த என்னைவிட, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதை எழுதியவளுக்கு விசுவாசம் மிகுதி. வரும் ஞாயிறு பிரசங்கம் இதைப் பற்றியே. என் பெயரைச் சொல்லியே செய்வேன். ஊர் நகைக்கட்டும், பழகியதுதான்.

பெட்டியை எரித்ததற்கு வருந்துகிறேன். மூன்று மாத உழைப்பு அது. அதைத் தங்களிடம் சொல்லிவிட்டு எரித்திருக்க வேண்டும். மிதிகளை அனுப்பியதற்கு வருந்தவில்லை; இனியும் வருந்தமாட்டேன். ஒரு மிதியோடுதான் வாசிப்பேன். நூர் பாஷா இப்போது தம் ஆர்மோனியக்காரரையும், "பெரியவரைப் பாருய்யா, ஒத்தப் பையோட வர்றாரு" என்று வைதுகொண்டிருக்கிறார். இது தங்கள் கைவேலைக்குக் குறைவன்று. அந்த ஒன்றையும் செய்தவர் தாங்கள்தாமே.

இனி விஷயம். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாள் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். பாத்திரம் ஏந்துவது நான். பிள்ளையை ஏந்த ஞானத்தகப்பன் வேண்டும். அருளாயி ஒரே பெயரைத்தான் சொல்கிறாள்; வேறு எவரை வைத்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வண்டி ஏறுவேன் என்கிறாள். அவள் செய்யக்கூடியவள் என்பதை நாம் இருவரும் அறிந்தோம். சாமியார் பத்து மணிக்கு மேல் நிற்கமாட்டார். அவருக்கு அடுத்த ஊரில் பூசை இருக்கிறது. நான் சொல்லி நிறுத்திவைப்பேன், ஆனால் அவரும் பிடிவாதக்காரர்.

சம்பந்தியம்மாளுக்கு இங்கே இருமல் விட்டுவிட்டது. இப்போதைக்குத் திரும்பும் எண்ணம் தெரியவில்லை. தாங்கள் தனியே சமைத்துச் சாப்பிடுவதாகக் கேள்வி. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியுமா என அவர்கள் கேட்கச் சொன்னார்கள்.

முழங்காலைப் பார்த்து இறங்குங்கள். சமாதானம் செய்யவென்று எதையும் தூக்கி வர வேண்டாம். மிதியோ பெட்டியோ கொண்டு வந்தால் வாசலிலேயே சண்டை தொடங்கும். வெறுங்கையாக வாருங்கள். பிள்ளை எடை கூடிவிட்டாள். பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினால் படிக்கமாட்டேன். வண்டி ஏறுங்கள்.

சவுரியப்பன்